மூக்குச்சளிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

தொடக்கநிலை அறிவியல் பாடநூல்களை உருவாக்கும் குழுவினருக்கு வணக்கம்.

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. மார்கழி பிறந்துவிட்டால் என் வகுப்பில் பாதிப் பேருக்கு மூக்கொழுகும். சென்ற ஆண்டு ஒரு சிறுவன், "சளிமூக்கா" என்ற கேலிக்கு அஞ்சி மூக்கைச் சிந்தவே மறுத்து, நாள் முழுவதும் உறிஞ்சிக்கொண்டும் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தான். கைக்குட்டை வைத்துக்கொள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், அந்தச் சளிக்கு மூக்கில் என்ன வேலை என்று சொல்வதில்லை.

பெரும்பகுதி நீரும் மியூசின் என்னும் புரதமும் கலந்த அந்தப் பசைப்படலம், மூச்சோடு வரும் தூசியையும் கிருமிகளையும் நுரையீரலுக்குப் போகவிடாமல் ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்குமேல் அசைந்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வேகத்தில் அதைத் தொண்டைக்குத் தள்ள, நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம், மிச்சத்தை இரைப்பை அமிலம் பார்த்துக்கொள்கிறது. (இந்த இடத்தில் வகுப்பே 'ச்சீ' என்று கத்தும், ஆனால் ஒருவரும் மறக்கமாட்டார்கள்.) பென்சிலினைக் கண்டறிவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1921-இல், அலெக்சாண்டர் பிளெமிங் தமக்குச் சளி பிடித்திருந்தபோது தம் மூக்குச்சளியையே கிருமி வளர்ப்புத் தட்டில் இட்டுப் பார்த்து, அது பட்ட இடத்தில் பாக்டீரியா கரைந்துபோவதைக் கண்டார் என்பதையும், அதற்குக் காரணமான, பாக்டீரியாவைச் சிதைக்கும் லைசோசைம் என்னும் நொதி நம் கண்ணீரிலும் எச்சிலிலும் இருக்கிறது என்பதையும் அறிந்த பிள்ளை, அடுத்தவனைச் சளிமூக்கன் என்று அழைக்கச் சற்றேனும் தயங்கும்.

இதைக் காட்டக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு கண்ணாடித் துண்டுகளில் ஒன்றில் மட்டும் விளக்கெண்ணெய் தடவி, இரண்டுக்கும் மேலே கரும்பலகை அழிப்பானைத் தட்டி, பிறகு ஊதச் சொன்னேன். உலர்ந்த கண்ணாடியிலிருந்து சுண்ணத்தூள் பறந்தது. எண்ணெய்க் கண்ணாடியில் அப்படியே அப்பிக்கிடந்தது. "அப்போ இந்தத் துண்டைக் கையால் தொடலாமா டீச்சர்?" என்று அந்தச் சிறுவனே கேட்டான். பிடிபட்ட கிருமி சளியோடுதான் வெளியே வருகிறது, அதனால்தான் கைக்குட்டை, அதனால்தான் சோப்பு என்று விளக்க எனக்கு அதற்குமேல் ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

ஆகவே, அடுத்த திருத்தப் பதிப்பில் மூக்கை 'மணம் அறியும் உறுப்பு' என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடாமல், ஒரு பக்கமேனும் சளிக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். படம் எடுக்கத் தேவைப்பட்டால் அந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளையும் துடைக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை