ஓய்வு பெறும் ஆசிரியரின் வகுப்பில் ஓர் இளையவர் உட்காரட்டும்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியருக்கு,

வணக்கம். இந்த செமஸ்டரோடு நான் பணி ஓய்வு பெறுகிறேன். "இனிமேல் உங்களுக்கு எதற்கு மேடம் இந்த அலைச்சல்" என்று துறையில் அன்போடு தேர்வுப் பணியைக் குறைத்தார்கள். முதலாண்டு இயற்பியல் வகுப்பையும் வேறொருவருக்கு மாற்றப் பார்த்தார்கள். அதை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெறுகிறவரிடம் கல்லூரி கணக்காகத் திரும்ப வாங்குவது நூலகப் புத்தகங்களும் ஆய்வகச் சாவியும் பதிவேடுகளும்தான். பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்பதை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அப்போது அதன் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறுகிற வீதம், என்ன? நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே "சுழி" என்பார்கள். திசைவேகம் சுழி என்பதால் முடுக்கமும் சுழிதான் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. "இல்லை, அங்கேயும் புவியீர்ப்பு தரும் அதே 9.8தான்" என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள், அடுத்த தேர்வில் மறுபடி சுழி என்றே எழுதுவார்கள். "சரி, முடுக்கமும் சுழி என்றால் கல் எதற்குக் கீழே வர வேண்டும்? அங்கேயே நின்றுவிடாதா?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் இருக்க வேண்டும். அவர்களுக்குள் வாக்குவாதம் வரும். அதை முடிய விட்டு, அப்புறம்தான் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுத வேண்டும். எவ்வளவு நேரம் விடுவது என்பதை எழுதிக் கொடுக்க முடியாது. பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடத்தை மாணவருக்குப் புரியவைக்கத் தெரிவது வேறு. இது தனியான ஓர் அறிவு என்று 1986இல் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் எடுத்துச் சொன்னார். ஜப்பானில் ஒருவர் பாடம் நடத்த, சக ஆசிரியர்கள் வகுப்பிலேயே இருந்து கவனித்து, பிறகு கூடி விவாதிக்கும் வழக்கம் நூறாண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது.

கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இது: ஓய்வு பெறுகிறவரின் கடைசி செமஸ்டரில் ஒரு பாடத்துக்காவது ஓர் இளம் ஆசிரியரை அந்த வகுப்பில் உட்கார வையுங்கள். பாதிக்கு மேல் அவர் நடத்தட்டும், மூத்தவர் பின்வரிசையில் இருக்கட்டும். எங்கள் துறையில் கேட்டபோது அட்டவணையில் இடமில்லை என்றார்கள். ஓர் இளம் ஆசிரியை தன் ஓய்வு நேரத்தில் தானாகவே வருகிறார். அவருக்கு அது பணி நேரமாகக் கணக்கில் வர வேண்டும். அடுத்த ஆண்டுக்கு அட்டவணை போடுகிறவர்கள், யார் யார் ஓய்வு பெறுகிறார்கள் என்ற பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் பேராசிரியை