தூர்ந்துபோன காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் என் அண்ணன் மகளுக்குத் திருமணம். மண்டபத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் என் அம்மாவின் ஜிமிக்கியை எடுத்து என் மகளுக்குப் போட்டுவிடப் போனேன். ஏறவில்லை. பயிற்சியின்போது தோடு போடக்கூடாது என்று கழற்றி வைத்தே பழகியதில் காது தூர்ந்துவிட்டிருந்தது. அதற்கு மேலே, காதின் மடிப்புகளில் ரத்தம் கட்டி இறுகி, பொரித்த அப்பளம் போலப் புடைத்திருக்கிறது. தரையில் புரண்டு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது சகஜம் என்கிறாள். முடியை அந்தப் பக்கமாக இழுத்துவிட்டு, பூவைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டேன்.

அவளுக்கு 22 வயது. நான்கு வருடமாக எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலை பழகுகிறாள். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில், என் சேலைக்குப் பக்கத்தில் அவளுடைய கைக்கட்டுத் துணிகள் காயும். ஒவ்வொன்றும் நாலரை மீட்டர் நீளம். இதுவரை அமெச்சூர் போட்டிகள்தான். இனி இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று இந்த வருடம் சொல்லிவிட்டாள்.

மண்டபத்தில் காதைப் பார்த்துவிட்டார்கள். "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் தேவையா, நாளைக்கு யாரு கட்டிக்குவா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் கொஞ்சம் நல்ல மனதோடு, "ஜெயிச்சியா?" என்று கேட்டார். தன் மகள்களை மல்யுத்த வீராங்கனைகளாக்கிய மகாவீர் ஃபோகத்தின் குடும்பக் கதை சினிமாவாக வந்தபோது குடும்பத்தோடு போய்ப் பார்த்துக் கைதட்டியவர்கள்தான் இருவரும். அந்தக் குடும்பத்தின் மூன்றாவது மகள் ரித்து ஃபோகத் 2016ல் இங்கே நடந்த காமன்வெல்த் மல்யுத்தப் போட்டியில் தங்கம் வாங்கினார். அப்புறம் 2019ல் எம்எம்ஏவுக்காகவே சிங்கப்பூருக்கு வந்து பயிற்சி எடுத்தார். நம் ஊரிலேயே நடந்த அந்த வாழ்க்கை நம் வீடுகளில் பேச்சாகவே இல்லை.

கல்யாணக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. "ஜெயிச்சியா" என்ற கேள்விதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டால் எல்லாம் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு போட்டி. அவளுடைய எடைப் பிரிவுக்குள் வர ஐந்து நாளில் நான்கு கிலோ இறக்க வேண்டும் என்று பயிற்சிக்கூடத்தில் சொல்லி அனுப்பினார்கள். எந்தக் கூடம் என்று எழுத விரும்பவில்லை, அவள் இப்போது அங்கே போவதும் இல்லை. காற்றுப் புகாத வியர்வை உடுப்பை மாட்டிக்கொண்டு எங்கள் புளோக்கின் 12 மாடிப் படிக்கட்டையும் ஏறி ஏறி இறங்குவாள். சோறு போயிற்று, உப்புப் போயிற்று, கடைசி நாள் தண்ணீரும் போயிற்று. ஒரு காலிப் போத்தலை வைத்துக்கொண்டு எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தாள், அதுவும் எடையாம். ராத்திரி இரண்டு மணிக்குக் குளியலறை விளக்கு எரிந்தது. தரையில் உட்கார்ந்து கன்னத்தைச் சுவர் ஓட்டில் ஒட்டி வைத்திருந்தாள், குளிர்ச்சியாக இருக்கிறதாம். "அம்மா, ஒரே ஒரு ஐஸ் கட்டி வாயில வெச்சுக்கவா?" என்று என்னிடம் அனுமதி கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். வாயில் போடுவதற்கு முன் பக்கத்தில் இருந்த எடைக்கருவியை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் ஜெயித்தாள். நடுவர் கையைத் தூக்கிப் பிடித்த படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. நானும்தான் அனுப்பினேன்.

இந்த விளையாட்டில் எடை உயிரையே குடித்திருக்கிறது. 2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்ற 21 வயது சீன வீரர், மணிலாவில் போட்டிக்கு எடை இறக்கும்போது இறந்துபோனார். நம் ஊரில் தலைமையகம் வைத்து இந்தப் போட்டிகளை நடத்தும் ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் அதன் பிறகுதான் விதியை மாற்றியது. உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்த பிறகே எடை பார்ப்பார்கள். மற்ற இடங்களில் 47.6 கிலோவாக இருக்கும் பெண்களின் ஆட்டம்வெயிட் என்ற எடைப் பிரிவின் வரம்பை 52.2 கிலோவாக உயர்த்தினார்கள். நல்ல விதி. அமெச்சூர் போட்டி நடத்துகிற எல்லாரும் இதைப் பின்பற்ற வேண்டும்.

ஆனால் விதி மட்டும் போதாது என்பதை எம்எம்ஏ வீராங்கனை ஏஞ்சலா லீயின் வாழ்க்கை எனக்குக் காட்டியது. என் மகள் இதில் இறங்கியதே அவரைப் பார்த்துத்தான். ஏஞ்சலாவின் அப்பா சிங்கப்பூரில் பிறந்தவர். ஏஞ்சலா கனடாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்தாலும் நம் கொடியோடும் களமிறங்கினார். 2016 மே மாதம் காலாங் உள்விளையாட்டரங்கில் ஜப்பானின் மேய் யாமாகுச்சியோடு ஐந்து சுற்று, முழுதாக 25 நிமிடம் மோதி உலகப் பட்டத்தை வாங்கியபோது அவருக்கு வயது 19. உயர்நிலைப் பள்ளியில் இருந்த என் மகள் அன்று தூங்கவே இல்லை.

அடுத்த வருடம் நவம்பரில், யாமாகுச்சியோடு மறுபடி மோதச் சில வாரமே இருக்கும்போது, ஹவாயில் அவருடைய கார் பலமுறை உருண்டது. விடியற்காலையில் பயிற்சிக்குப் போகும் வழியில் தூக்கக் கலக்கம் என்றுதான் செய்தி வந்தது. நாங்களும் நம்பினோம், குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். ஆறு வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், அது விபத்தே இல்லை, உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்துத்தான் அப்படிச் செய்தேன் என்று அவரே எழுதினார். புதிய எடை விதி வந்த பிறகு நடந்தது இது. எடையும் எதிர்பார்ப்பும் அந்த 21 வயதுப் பெண்ணை எப்படி நெருக்கியிருக்கும்! அந்த எழுத்தைப் படித்தபோது எனக்குக் குளியலறைத் தரைதான் கண்முன் வந்தது.

இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் அவர் அத்தனை போட்டியும் ஆடியிருக்கிறார். 2019 அக்டோபரில் சீன வீராங்கனை சியோங் ஜிங் நானை ஐந்தாம் சுற்றின் கடைசி நொடிகளில் பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டித் தோற்கடித்தார். 2021 ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு வயது நிறையும் முன்பே மறுபடி காலாங்குக்கு வந்து, தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸிடம் முதல் சுற்றில் வயிற்றில் குத்து வாங்கித் தள்ளாடி, இரண்டாம் சுற்றில் வென்றார். பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் அந்தக் குத்து எங்கே வலித்திருக்கும் என்று தெரியும். 2022 டிசம்பரில் அவருடைய தங்கை விக்டோரியா, அவரும் இதே களத்தில் இருந்தவர், 18 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். 2023 செப்டம்பர் கடைசியில் ஏஞ்சலா நம் ஊர் அரங்கில் நின்று பட்டத்தைத் துறந்து விடைபெற்றார். 27 வயது, 11 வெற்றி, 3 தோல்வி. தங்கையின் நினைவாக, மனம் நொந்தவர்களுக்காக ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

அவர் விடைபெற்ற நாளில், "பாவம், இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆடியிருக்கலாம்" என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் சொன்னார். என் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும்தான்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது கையைத் தூக்கிய படத்தோடு முடித்துவிடாதீர்கள். எடையை எப்படி இறக்கினாள், எத்தனை நாளில், யார் கூட இருந்தார்கள், அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, தோற்ற மறுநாள் யார் பேசினார்கள் என்று நிருபர்கள் கேட்கட்டும். பயிற்சியாளர்களையும் கேட்கட்டும். பத்திரிகை கேட்டால் அவர்கள் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும், அம்மா கேட்டால் "உங்களுக்குப் புரியாது" என்று அனுப்பிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட செய்திகளோடு தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 24 மணி நேர எண் 1767ஐயும் சேர்த்துப் போடுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். கூடத்துக்குள் போய் உட்காருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தால் யாரும் விரட்ட மாட்டார்கள். முதல் நாள் என் மகளைக் கீழே போட்டு ஒரு பெண் கழுத்தை இறுக்கியதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன். மகள் இரண்டு தட்டுத் தட்டினாள், அந்த நொடியே அந்தப் பெண் விட்டுவிட்டாள். தட்டினால் விட்டுவிட வேண்டும், அது அங்கே எல்லாருக்கும் தெரிந்த மரியாதை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த இடத்தின்மேல் நம்பிக்கை வந்தது.

அவளுக்கு அடுத்த போட்டி ஏழு வாரத்தில். தினமும் காலை எடையையும் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் போட்டி வேண்டாம் என்று அவளும் நானும் பேசி வைத்திருக்கிறோம். தாளின் அடியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஈசூன்