கடனை ஏற்றுமதியோடு வைத்துப் பேசுங்கள்: மொரிசியஸ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே, வணக்கம்.

பட்ஜெட் விவாதத்தில் கடன் பேச்சு வரும்போதெல்லாம் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே கணக்கைத்தான் எடுக்கிறீர்கள்: மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கடன் இத்தனை விழுக்காடு. அரசுக் கடனுக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட வரம்பும் அதே கணக்கில்தான் இருந்தது. அது தவறான கணக்கு அல்ல. ஆனால் வெளிநாட்டுக் கடனுக்கு அது போதாது. நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, அதில் எனக்குப் பெருமை உண்டு. இருந்தாலும் வெளியே கடன் கொடுத்தவர் அந்த நோட்டை வாங்க மாட்டார். அவருக்கு டாலரோ யூரோவோ வேண்டும். அதைச் சர்க்கரையும் துணியும் டூனா மீனும் சுற்றுலாப் பயணிகளும் கொண்டுவந்தால்தான் உண்டு.

இலங்கையையும் வங்கதேசத்தையும் கொஞ்சம் பாருங்கள். 2022 ஏப்ரல் 12 அன்று, தவணை கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தபோது அதன் வெளிநாட்டுக் கடன் சுமார் 5,100 கோடி டாலர். அதே ஆண்டு ஜூன் முடிவில் வங்கதேசத்தின் கடன் சுமார் 9,500 கோடி டாலர். தொகையை மட்டும் பார்த்தால் முதலில் விழுந்திருக்க வேண்டியது வங்கதேசம். ஏற்றுமதியைப் பக்கத்தில் வையுங்கள். இலங்கை 2021இல் விற்ற சரக்கு ஏறக்குறைய 1,250 கோடி டாலர். வங்கதேசம் 2021-22 நிதியாண்டில் விற்றது 5,200 கோடி. இலங்கையின் கடன் அதன் ஓராண்டு ஏற்றுமதியைப் போல் நான்கு மடங்கு, வங்கதேசத்துக்கு இரண்டு மடங்குகூட இல்லை. சுற்றுலா வருமானத்தையும் வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணத்தையும் சேர்த்தாலும் இந்த இடைவெளி மூடாது. விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். விரலைப் பார்க்காமல் வீக்கத்தை மட்டும் அளந்தால் எதுவும் விளங்காது.

2021இல் இலங்கைக்குக் கைமாற்றாக 20 கோடி டாலர் கொடுத்தது வேறு யாருமல்ல, இந்த வங்கதேசம்தான்.

கடன் யாரிடம், என்ன வட்டிக்கு வாங்கியது என்பதும் சேர்ந்தே வர வேண்டும். வங்கதேச அரசு பெரும்பாலும் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான் ஆகிய இடங்களில் நீண்ட தவணைக்குக் குறைந்த வட்டியில் வாங்கியது. இலங்கை 2007 முதல் உலகச் சந்தையில் டாலர் பத்திரங்களை விற்றது. அந்தப் பத்திரங்களில் மட்டும் நின்ற பாக்கியே ஏறத்தாழ ஓராண்டுச் சரக்கு ஏற்றுமதிக்குச் சமம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் பிறகு கொரோனாவும் சுற்றுலாவை முடக்கியபோது தவணைத் தேதி மட்டும் தள்ளிப் போகவில்லை.

ஆடை ஆலையில் மேற்பார்வை வேலை பார்த்தவன் நான். எங்கள் லைனில் வங்கதேசத்துப் பெண்ணும் இலங்கைப் பெண்ணும் அடுத்தடுத்த மெஷினில் காலர் தைத்தார்கள். 2022இல் மதிய இடைவேளையில் இருவரும் வீட்டுக்குப் போன் போடுவார்கள். ஒருத்தி தம்பியின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிப் பேசுவாள். மற்றவள் வீட்டில் காஸ் சிலிண்டருக்கு வரிசை, கரண்ட் இல்லை, அம்மாவின் பிரஷர் மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை. இருவருக்கும் சம்பளம் ஒன்றுதான். போனை வைத்துவிட்டு அவள் மெஷினில் உட்கார்ந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

வங்கதேசத்தைப் புகழ நான் வரவில்லை. அதன் ஏற்றுமதியில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஆடை ஒன்றுதான். 2023 ஜனவரியில் அதுவும் சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப்.பிடம் 470 கோடி டாலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. எனவே ஏற்றுமதி எவ்வளவு என்பதோடு அது எதனால் ஆனது என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. எந்த நாடு எவ்வளவு ஆடை விற்கலாம் என்று வரம்பு கட்டிய உலக வர்த்தகக் கோட்டா முறை 2005இல் முடிந்தது, இங்கே ஆலைகள் மூடின. 2006 முதல் ஐரோப்பா சர்க்கரை விலையை 36 விழுக்காடு குறைத்தது. 2019இல் 13 லட்சத்தைத் தாண்டிய சுற்றுலாப் பயணிகள் 2021இல் 2 லட்சம்கூட வரவில்லை. நம் அரசுக் கடனில் பெரும்பங்கு உள்நாட்டில் வாங்கியது என்பது உண்மை, ஆறுதலும்கூட. அந்த ஆறுதலிலேயே வெளிக்கடனைத் தனியாகப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

ஏழை நாடுகளுக்கான கடன் நிவாரணத் திட்டத்தில் ஐ.எம்.எஃப்.பும் உலக வங்கியும் 1999இல் வைத்த அளவே ஏற்றுமதிதான்: கடனின் இன்றைய மதிப்பு, அதாவது இனி கட்ட வேண்டிய தவணைகளை இன்றைய பணமாகக் கணக்கிட்ட தொகை, ஓராண்டு ஏற்றுமதியில் 150 விழுக்காட்டைத் தாண்டினால் தாங்க முடியாத கடன். நாம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அந்த அளவுகோலை நம் அவையில் பயன்படுத்த யார் தடுக்கிறார்கள்?

அடுத்த பட்ஜெட் விவாதத்துக்கு முன் நிதி அமைச்சரிடம் ஒரே ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். அரசும் அரசு நிறுவனங்களும் வாங்கிய வெளிநாட்டுக் கடன், அடுத்த ஐந்து ஆண்டுகளில் கட்ட வேண்டிய தவணை, அந்தந்த ஆண்டு எதிர்பார்க்கும் ஏற்றுமதி வருமானம், சுற்றுலா பாதியாகக் குறைந்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்பது, இவை அதில் இருக்கட்டும். அதை அவையில் வைத்துப் பேசுங்கள். புதிதாக ஒரு வெளிநாட்டுக் கடனுக்குக் கை தூக்கும் முன், அதை எந்த ஏற்றுமதி அடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆடை ஆலைத் தொழிலாளி,
ரோஸ் ஹில்