உன் கயாக்கின் வெடிப்புப் பற்றி

பாசையூர்,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. ரொறன்ரோவில் பழைய பைபர் கயாக் (சின்னத் துடுப்பு வள்ளம்) ஒன்று வாங்கியிருக்கிறாய், அடியில் வெடிப்பு, மேலே ஒரு துண்டு ஒட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதாது. அப்படி ஒட்டியதால் நான் பட்டதைச் சொல்கிறேன்.

மாமாவின் சின்ன பைபர் வள்ளம் உனக்கு நினைவிருக்கும். பரீட்சை முடிந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் மண்டைதீவுப் பக்கம் வலித்துக்கொண்டு போனோமே, அதேதான். போன வருடம் மீன் பிடிக்கக் கடலில் நட்ட களங்கட்டித் தடி ஒன்று குத்தி அடியில் ஓட்டை விழுந்தது. ஐந்து ரூபாய்க் குற்றி அளவுதான். ஒரு வேலைத்தளத்தில் காலையில் கொடுத்தேன், மாலையில் திருப்பித் தந்தார்கள். இந்த ஆவணியில் அந்த ஒட்டு அப்பளம் போல முழுதாகக் கழன்று கையோடு வந்தது. கீழே பழைய பெயின்ற் அப்படியே இருந்தது, ஓரமெல்லாம் வெள்ளையாக உப்பு. பெயின்றின் மேல் ஒட்டினால் அது பெயின்றைத்தானே பிடிக்கும்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அண்ணனின் மகன் தனியாக அதில் போய் வருகிறவன்.

இந்த முறை நானே செய்தேன். நோர்வே உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் படகுத் தளத்தில் வேலை பழகிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து சொல்லித் தந்தார். நல்ல தண்ணீரால் கழுவி, கொட்டிலுக்குள் கவிழ்த்து, ஒரு கிழமை காயவிட்டோம். பிறகு குற்றியால் அடிப்பக்கம் முழுவதும் தட்டிக்கொண்டு போனார். நல்ல இடம் கணீரென்றது. ஓட்டையைச் சுற்றி நாலு விரல் தூரம் பொத்தென்றது. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பைபர் படைகள் பிரிந்துவிட்டன என்றார். அதையெல்லாம் வெட்டி எறியும்போது என் கை நடுங்கியது.

அசற்றோனால் துடைத்த பிறகுதான் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் மெழுகையும் எண்ணெயையும் நாமே உள்ளே தேய்த்து ஏற்றிவிடுவோம். வள்ளத்தின் தடிப்பைப்போல் 12 மடங்கு அகலத்துக்கு ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். எங்கள் வள்ளம் 4 மில்லிமீற்றர், ஆகவே சுற்றிவர ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர். தேயத் தேயப் பழைய படைகள் மரத்தின் வளையங்கள் போல ஒவ்வொன்றாகத் தெரிந்தன. குற்றி அளவு ஓட்டை கடைசியில் தோசை அளவானது.

மாட் என்பது கண்ணாடி நார்ப் பாய். சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள மாட்டில் நான்கு படை வைத்தோம். மாட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் மெலிந்து படியும். அரைக் கிலோ ரெசினுக்கு (மாட்டில் ஊறவைக்கும் பிசின்) இறுகவைக்கும் திரவம் 5 மில்லிலீற்றர்தான். எங்கள் வெயிலுக்கு அதற்கு மேல் விட்டால் கோப்பைக்குள்ளேயே கல்லாகிவிடும். தூரிகையால் ரெசினைக் குத்திக் குத்தி ஏற்றும்போது வெள்ளை மாட் மெல்ல மெல்லக் கண்ணாடியாகிக் காணாமற் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் மச்சான். எங்கே வெள்ளை மிஞ்சியிருக்கிறதோ அங்கே காற்று நிற்கிறது என்று பெரியவர் விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். உருளையால் அழுத்தி அழுத்தி வெளியேற்றினேன்.

உனக்குத் தொல்லை வெயிலல்ல, குளிர். 15 பாகைக்குக் கீழே நாங்கள் பாவித்த பொலியெஸ்ரர் ரெசின் சரியாக இறுகாது. கோடை வரும்வரை பொறு, அல்லது சூடான அறைக்குள் வைத்துச் செய். எப்பொக்சி என்ற வேறு வகை ரெசின் பழைய பைபரை இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதற்கு இந்த மாட்டைப் பாவிக்காதே, நெய்த துணியை வாங்கு. எப்பொக்சியின் மேல் சாதாரண ஜெல்கோட் (வள்ளத்தின் வெளிப்பக்க மினுக்கப் பூச்சு) ஒழுங்காக ஒட்டாது, பெயின்ற் அடித்துவிடு. தூசுக்கு முகமூடியும் கையுறையும் கட்டாயம். ரெசின் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் திரவம் தனியாகத் தந்தால் அதையும் இறுகவைக்கும் திரவத்தையும் ஒருபோதும் நேரே கலக்காதே, வெடிக்கும்.

மாரி தொடங்கமுன் வள்ளத்தை இறக்கிவிட்டோம். மூன்று கிழமையாக உள்ளே ஒரு துளி ஈரமில்லை.

இன்றிரவே ஒரு குற்றியை எடுத்து உன் கயாக்கைத் தட்டிப் பார். எத்தனை இடத்தில் சத்தம் மாறுகிறது என்று எனக்கு எழுது.

உன் நண்பன்