மகளின் பெயரைக் குடும்ப அட்டையில் சேர்க்கக் கோரும் மனு (நினைவூட்டல்)

அனுப்புநர்: தையல் தொழிலாளி, சந்தைப்பேட்டை வடக்குத் தெரு
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பார்வை: திங்கட்கிழமை குறைதீர் கூட்டங்களில் கொடுத்த என் முந்தைய மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. எங்கள் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள்தான். ஆனாலும் ஆறு வயது மகளின் பெயர் குடும்ப அட்டையில் ஏறாததால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அவளைச் சேர்க்க முடியவில்லை.

2. அவளுக்கு இருப்பது மோயாமோயா நோய். (பெயரைக் கேட்டு அலுவலகத்தில் ஒருவர் சிரித்தார். சரி, போகட்டும்.) கழுத்து வழியாக மூளைக்குப் போகும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் மண்டைக்குள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. ஈடுகட்ட முளைத்த நூலளவு குழாய்கள் ஆஞ்சியோ படத்தில் புகை மாதிரித் தெரிகின்றன. தினமும் ஆஸ்பிரின் கொடுக்கிறோம். அது ரத்தம் உறையாமல் இருக்கத்தான், சுருக்கத்தை நிறுத்தாது.

3. ஐயா, இவள் அழவே கூடாது. தேம்பி அழுதால் மூச்சு வேகமாகி, ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும் என்றார் மருத்துவர். சூடான கஞ்சியை ஊதக்கூட விடுவதில்லை. பலூனைக் கண்ணில் காட்டுவதில்லை. உடம்பில் நீர் வற்றவும் கூடாது. இப்படிப்பட்ட பிள்ளையைத்தான், பெயர் சேர்க்க அலுவலகத்துக்கு "நேரில் கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். அங்கே வரிசை நிற்கும் தகரக் கொட்டகையைத் தாங்களே பார்த்திருக்கிறீர்கள். மதியத்தில் பெரியவர்களே நிற்க முடியாது. போன முறை புழுக்கம் தாங்காமல் அழுதாள். கையிலிருந்த பிஸ்கட் விழுந்தது. எடுக்கக் குனிந்தாள், வலது கை தூக்க வரவில்லை. வாய் குழறியது. கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாள். உடனே, "நல்லாத்தானே இருக்கா" என்கிறார்கள்! தெளியாமல் போனால் அது பக்கவாதம், ஐயா. அதற்குப் பிறகு அட்டை வந்து என்ன பயன்?

4. தலைத்தோலில் ஓடும் ரத்தக்குழாயை மூளையின் மேல் வைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். செய்தாலும், அதிலிருந்து புதுக் குழாய்கள் வளர மாதக்கணக்காகும். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்பவர்களுக்கு இது எப்படிப் புரியும்?

5. பிறப்புச் சான்று இருக்கிறது. ஆதார் இருக்கிறது. இன்னும் என்னதான் வேண்டும்?

ஆகவே, மகளை மறுபடி நேரில் அலைக்கழிக்காமல், இணைத்துள்ள நகல்களைக் கொண்டே பெயரைச் சேர்த்து, காப்பீட்டு அட்டை கிடைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முடியாதென்றால் அதையாவது எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள், ஐயா.

இப்படிக்கு,
மனுதாரர்