படுகளத்தில் கிடந்தவன்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன வாரம் போனில், "துரியோதனன் திமிர் பிடித்தவன், அழிந்தான். இதில் என்னப்பா சோகம்?" என்று கேட்டாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரௌபதி அம்மன் கோயில் படுகளத்துக்குப் போவேனே, ஞாபகம் இருக்கிறதா? விடிய விடியப் பதினெட்டாம் போர் கூத்து நடக்கும். காலையில் பார்த்தால், மண்ணால் செய்த துரியோதனன் திடல் முழுக்க மல்லாந்து கிடப்பான். பீம வேஷக்காரர் தொடையில் அடிப்பார், பாஞ்சாலி கூந்தல் முடிவாள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைத்தால், பாஞ்சாலியைக் கும்பிட வந்த பெண்களே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வெறும் கெட்டவனுக்கு யார் அழுவார்கள்?

குலம் கேட்டுக் கர்ணனைக் கூனிக் குறுக வைத்த சபையில், எழுந்து அங்க நாட்டையே கொடுத்தவன் அவன். யார் என்ன சொன்னாலும் நினைத்ததைச் செய்வேன் என்கிற நெஞ்சு அது. கண்ணன் தூது வந்து ஐந்து ஊர், அதுவும் இல்லையென்றால் ஐந்து வீடாவது கொடு என்று இறங்கிக் கேட்டபோது மறுத்ததும் அதே நெஞ்சுதான். உன் பாடத்தில் வரும் கிரேக்க ராஜா ஈடிபஸும் அப்படித்தானே? விடுகதையை விடுவித்து ஊரைக் காப்பாற்றிய அறிவை நம்பித்தான், உண்மை சொன்ன குருட்டு ஞானியைத் திட்டினான்.

கம்பனின் இராவணன் இன்னும் ஒரு படி மேலே. முதல் நாள் போரில் எல்லாவற்றையும் இழந்து, "வீரமும் களத்தே போட்டு, வெறுங்கையோடு இலங்கை புக்கான்". தம்பிகள் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் மகன் இந்திரசித்தே வந்து சீதையை விட்டுவிடச் சொல்கிறான். உங்களையெல்லாம் நம்பியா இந்தப் பகையைத் தேடினேன், "என்னையே நோக்கி" அல்லவா என்கிறான் இராவணன். தோற்றாலும் இராமன் பேர் நிற்கும்வரை என் பேரும் நிற்கும் என்கிறான். அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். அடுத்த நொடியே வயிறு கலங்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பிள்ளை சாகப் போகிறான்.

உன் பெரியப்பாவோடு நான் ஒன்பது வருஷம் பேசவில்லை. வரப்புத் தகராறு, அவ்வளவுதான். சொன்ன சொல் மாறாதவன் என்று ஊரில் எனக்குப் பேர். "அவர் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொன்னதையும் அந்தக் கணக்கில் வைத்துக்கொண்டேன். அவர் படுத்த படுக்கையானபோது அம்மா இரண்டு முறை சொன்னாள். நான் போன அன்றைக்கு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நீயும் சொன்ன சொல் மாறாதவள். அதில் எனக்கு எப்போதும் பெருமைதான்.

வெள்ளிக்கிழமை உன் தம்பி புதுச்சேரியிலிருந்து வருகிறான். கல்யாண வீட்டில் நடந்ததை அவன் என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்குப் போன் போடுவேன். அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான். எடும்மா.

அன்புடன்,
அப்பா