மரச்சீப்பு

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இங்கே கத்திரி தொடங்கி ஒரு வாரமாகிறது, ராத்திரியில்கூடத் தலையணை நனைகிறது. ஜூனில் உன் அரிசோனா பாலைவன ஊர் டூசானில் 40 டிகிரியைத் தாண்டும் என்று நீ சொன்னதிலிருந்து, பிப்ரவரியில் நாம் நடந்த பாதையே கண்ணுக்குள் நிற்கிறது.

சவாரோ தேசியப் பூங்காவின் மேற்குப் பக்கம், டெசர்ட் டிஸ்கவரி பாதை. மொத்தமே அரை மைல், 800 மீட்டர். தளம் போட்ட வழி, உட்கார பெஞ்சு. என் முழங்காலுக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தாய் என்று எனக்குத் தெரியும். நாகேஸ்வர ராவ் பூங்காவில் தினமும் இதைவிட அதிகம் நடக்கிறேனே என்று மனசுக்குள் கொஞ்சம் வருத்தம்தான். நடந்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு இருந்தது பார்ப்பதற்கு.

பாலோ வெர்டே மரத்தடியில் என்னைக் குனியச் சொல்லிக் காட்டினாயே, கட்டைவிரல் உயரத்தில் ஒரு குட்டி சவாரோ கள்ளி. முதல் எட்டு வருஷத்தில் ஒன்றரை அங்குலம்கூட வளராதாம். கை மாதிரி முதல் கிளை முளைக்க 50 வருஷமோ 75 வருஷமோ ஆகுமாம். வெயிலும் பனியும் தாக்காமல் அந்த மரத்து நிழல்தான் குட்டியைக் காப்பாற்றுகிறது என்று சொன்னாய். அந்த இடத்தை விட்டு வர எனக்கு மனசே இல்லை. அப்புறம் அந்தக் கிரியோசோட் புதரின் இலை! உள்ளங்கையில் வைத்து ஊதி, மோந்து பாருங்கள் என்று நீட்டினாய். அங்கே மழை பெய்தால் ஊரே இப்படித்தான் மணக்கும் என்றாய். நம்மூர் மண்வாசனை வேறு, அது வேறு. இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஊரில் வேலியோரம் நாங்கள் பறித்துத் தின்ற சப்பாத்திக்கள்ளியை அங்கே பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. உண்மையில் அதுதான் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்தது என்று நீ சொல்லித்தான் தெரியும்.

சரி, எழுத வந்த விஷயம் இதுதான். அன்றைக்கு நீ மூன்று தடவை தண்ணீர் நீட்டினாய், மூன்று தடவையும் வேண்டாம் என்றேன். இங்கே சட்டை நனைந்தால் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று உடம்பே சொல்லிவிடும். அங்கே என் சட்டை காய்ந்தே இருந்தது. வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை வந்ததும் உலர்ந்துவிடுகிறது என்பது, பெஞ்சில் உட்கார்ந்து தலை சுற்றியபோதுதான் புரிந்தது. பிப்ரவரி மாதத்தில், தளம் போட்ட அரை மைலில் எனக்கே அப்படி. நீயோ சனிக்கிழமைகளில் தனியாக நீளமான பாதைகளுக்குப் போகிறாய்.

போகாதே என்று சொல்லமாட்டேன். அந்த நிலத்தை நீ எவ்வளவு நேசிக்கிறாய் என்று பார்த்துவிட்டேன். ஆனால் மே முதல் செப்டம்பர் வரை விடியுமுன் கிளம்பு, வெயில் ஏறுமுன் வண்டிக்குத் திரும்பிவிடு. கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்வதற்குள் திரும்ப ஆரம்பித்துவிடு, பாதை எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று பக்கத்து வீட்டுத் தோழியிடம் சொல்லிவிட்டுப் போ. எனக்கும் ஒரு மெசேஜ் போடு. உனக்கு விடிகாலை என்றால் எனக்குச் சாயங்காலம், விழித்துத்தான் இருப்பேன்.

இன்னொன்று. போட்டோ எடுக்க நான் தளத்தை விட்டு இறங்கி, சோய்யா (cholla) என்கிற முள்கள்ளியின் துண்டு ஒன்று என் பேண்ட்டில் ஒட்டிக்கொண்டதே, கையை வைக்காதீங்கப்பா என்று கத்திவிட்டுப் பையிலிருந்து சீப்பை எடுத்தாய். மண்டியிட்டு, பல்லை முள்ளுக்கடியில் நுழைத்து ஒரே சுண்டு. நீ ஸ்கூலுக்குப் போகும்போது அம்மாவுக்கு முடியாத நாட்களில் உனக்கு நான்தான் தலை வாரிவிடுவேன், ஞாபகம் இருக்கிறதா? சிக்கு எடுக்கும்போது வலிக்குதாப்பா என்று கேட்பேன். அன்றைக்கு நீ என் காலடியில் உட்கார்ந்துகொண்டு அதையேதான் கேட்டாய்.

அந்தச் சீப்பில் இரண்டு பல் போய்விட்டதைக் கவனித்தேன். தெற்கு மாட வீதியில் நல்ல கெட்டியான மரச்சீப்பு ஒன்று வாங்கியிருக்கிறேன். அம்மா போட்ட வடகத்தோடு சேர்த்துப் பார்சலில் வருகிறது. வடகத்தைச் சமையலறையில் வை, சீப்பை மட்டும் நடைப் பையிலேயே வைத்துவிடு.

அன்புடன்,
அப்பா